வெள்ளி, சனி வேண்டாம். வியாழன், வெள்ளி போங்கள்

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, வெள்ளிக்கிழமைதான் வார லீவு. அதோடு சனிக்கிழமைக்கு லீவு போட்டு, ஏப்ரல் முதல் வாரம் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் பார்த்துவரலாம் என்றிருக்கிறோம். மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம். மகளுக்கு 13, மகனுக்கு 8. காரா, ரயிலா? வழியில் அதிரப்பள்ளியையும் லுலு மாலையும் சேர்க்கலாமா? எங்கே தங்குவது?

பதில்: மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் கிழமையை மாற்றுங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதன் பக்கத்திலேயே இருக்கிற யூதர்களின் பரதேசி ஜெபாலயம் வெள்ளி, சனி இரண்டு நாளும் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். மட்டாஞ்சேரிக்கு ஆட்கள் போவதே இந்த இரண்டுக்காகத்தான். நீங்கள் போட்டிருக்கிற கணக்குப்படி வெள்ளியன்று இரண்டு பூட்டையும், சனியன்று மிச்சமுள்ள ஒரு பூட்டையும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். இப்படி ஏமாந்து தெருவில் நிற்கிற குடும்பங்களை அங்கே எந்த வெள்ளிக்கிழமையும் பார்க்கலாம்.

கணவரைச் சனிக்குப் பதில் வியாழனுக்கு லீவு கேட்கச் சொல்லுங்கள். வியாழன் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து, அன்று பிற்பகலே மட்டாஞ்சேரியை முடித்துவிட்டால், வெள்ளி காலை ஃபோர்ட் கொச்சிக்கு. அந்தப் பக்கம் நீங்கள் பார்க்க வேண்டிய எதற்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை கிடையாது. லீவு ஒரு நாள்தான், செலவும் அதேதான்.

வாரத்தையும் கொஞ்சம் தள்ளுங்கள். யூதர்களின் பஸ்கா பண்டிகையும் கிறிஸ்தவர்களின் புனித வாரமும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் பாதி என்று அந்த வட்டத்திலேயே சுற்றி வரும். பண்டிகை நாளில் ஜெபாலயம் திறக்காது. பெரிய வியாழனும் புனித வெள்ளியும் வந்தால் தேவாலயங்களில் நாள் முழுக்க வழிபாடு. சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு இடமிருக்காது. ஏப்ரல் நடுவில் வரும் விஷு கழிந்த வாரம் பெரும்பாலும் தொந்தரவில்லாதது. ஆனாலும் பஸ்கா சில வருஷம் ஏப்ரல் கடைசி வரைகூட இழுக்கும். அதனால் தேதியை உறுதி செய்யுமுன் காலண்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அதிரப்பள்ளியை விட்டுவிடுங்கள். சாலக்குடியில் பிரிந்து உள்ளே 30 கிலோமீட்டருக்கு மேல் போய் வரவேண்டும், அரை நாள் அதிலேயே போய்விடும். ஏப்ரலில் தண்ணீர் மெலிந்திருக்கும். அருவியின் அடிவாரத்துக்கு இறங்குகிற பாதை செங்குத்து. முழங்கால் வலிக்காரர் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்கு ஆடி, ஆவணியில் தனியாக ஒரு நாள் போங்கள். லுலு மாலைப் பற்றி ஒன்றே ஒன்று: பாலக்காடு கண்ணாடியிலேயே ஒன்று வந்துவிட்டதே, அதற்கு இடப்பள்ளி வரை எதற்கு?

காரைவிட ரயில். தேசிய நெடுஞ்சாலை 544-ல் குதிரான் சுரங்கப்பாதை வந்தபிறகு மலையேற்றத் தொல்லை போய்விட்டது உண்மைதான். ஆனால் திருச்சூரைத் தாண்டினால் ஆங்காங்கே பால வேலை. அங்கமாலி, ஆலுவா, இடப்பள்ளி என்று அடுத்தடுத்து நெரிசல். எறணாகுளத்துக்குள் நுழைந்த பிறகு தேவரை, தோப்பும்படி சுற்றி ஃபோர்ட் கொச்சி சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகலாம். சேர்ந்த பிறகு காருக்கு அங்கே வேலையே இல்லை. டச்சுக்காரர் காலத்துச் சந்துகள், நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலை. ஒலவக்கோட்டில், அதாவது பாலக்காடு ஜங்ஷனில், காலை எட்டு மணிக்குள் ஏறினால் சுமார் 150 கிலோமீட்டர், இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் எறணாகுளம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டிக்கெட் எடுக்கும்போது வண்டி நார்த்தில் நிற்கிறதா, சவுத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகள் டவுன் ஸ்டேஷனான நார்த்தோடு கோட்டயம் பக்கம் திரும்பிவிடும், ஜங்ஷனான சவுத்துக்குப் போகாது. உங்களுக்கு எதுவானாலும் சரி. இரண்டிலிருந்தும் ஹைகோர்ட் படகுத்துறைக்கு ஆட்டோவில் சின்னத் தூரம்தான்.

இங்கிருந்து கரை வழியாகப் போகாதீர்கள், நீர் வழியாகப் போங்கள். இரண்டு வழி உண்டு. அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய போட், எறணாகுளம் ஜெட்டியிலிருந்து சில ரூபாய்க் கட்டணத்தில் போகும். ஹைகோர்ட்டிலிருந்து புதிய படகுச் சேவையான வாட்டர் மெட்ரோ. ஃபோர்ட் கொச்சித் தடம் 2024 ஏப்ரலில் தொடங்கியபோது 40 ரூபாய் வைத்தார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய இருபது நிமிஷம்தான். உங்கள் குடும்பத்துக்கு வாட்டர் மெட்ரோவைச் சொல்வது குளிர்சாதன வசதிக்காக அல்ல, மாமியாரின் காலுக்காக. பழைய ஜெட்டியில் கல்படி அசையாது, போட் மட்டும் வேலியேற்ற இறக்கத்துக்கேற்ப, அதாவது கடல்நீர் மட்டம் உயர்ந்து தாழ்வதற்கேற்ப, ஏறி இறங்கும். வேலியிறக்க நேரத்தில் படியிலிருந்து போட்டுக்குள் ஒரு பெரிய எட்டு கீழே வைக்க வேண்டும், அதுவும் ஆடுகிற போட்டில். வாட்டர் மெட்ரோவில் மேடையே மிதவை. தண்ணீர் ஏறினால் மேடையும் சேர்ந்து ஏறும், படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியே நேராக உள்ளே போய்விடும். படகு கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டியது, பேட்டரியில் ஓடுவது. மகனிடம் சொல்லிவைத்தால் வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வருவான். மட்டாஞ்சேரிக்கும் இப்போது முனையம் உண்டு, ஆனால் பெட்டி படுக்கையோடு நேராக அங்கே போகாதீர்கள். ஃபோர்ட் கொச்சியில் இறங்கி அறையில் சாமானை வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

தங்குவது ஃபோர்ட் கொச்சியில், ஹோம்ஸ்டேயில். பிரின்சஸ் தெரு, பரேட் மைதானம், சாந்தா குரூஸ் தேவாலயம் இந்த வட்டத்துக்குள் பாருங்கள். கேரளச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேகளை டயமண்ட், கோல்ட், சில்வர் என்று தரம் பிரித்திருக்கிறது; அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பது தப்பில்லை. போனில் முதலில் கேட்க வேண்டியது வாடகையை அல்ல, தரைத்தளத்தில் அறை உண்டா என்பதை. அந்தப் பழைய வீடுகளில் மரப்படி ஏணியைப் போல் நிமிர்ந்து நிற்கும். படங்களில் அழகாகத் தெரிகிற மாடி அறைக்கு மாமியார் ஒரு தடவை ஏறினால் மறுநாள் காலை நடக்கமாட்டார். மேல்நாட்டுக் கழிவறையா, பன்னிரண்டு மணிக்கே அறை தருவார்களா, காலைச் சாப்பாடு சேர்த்தா, முட்டையில்லாமல் தருவார்களா என்பதையும் அதே போனில் கேட்டு முடித்துவிடுங்கள்.

இனி வியாழன் பிற்பகல். சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து, இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து மட்டாஞ்சேரி அரண்மனை. பதினொன்று முதல் மூன்று வரை ஏப்ரல் புழுக்கம் வியர்வையைக் காயவிடாது, அந்த நேரத்தைக் கூரைக்கடியில் கழிப்பதுதான் புத்தி. ஜெபாலயம் மதியம் மூடி மூன்று மணிக்குத்தான் மறுபடி திறக்கும். அதனால் வரிசை அரண்மனை முதலில், ஜெபாலயம் பிறகு. இதை மாற்றிப் போட்டால் மூடிய கதவின் முன் வெயிலில் நிற்பீர்கள்.

டச்சு அரண்மனை என்று பலகை சொன்னாலும் கட்டியது போர்த்துகீசியர், 16-ஆம் நூற்றாண்டின் நடுவில், கொச்சி ராஜாவுக்குக் காணிக்கையாக. 1663-க்குப் பிறகு வந்த டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள், பெயரைத் தட்டிக்கொண்டு போனார்கள். அமைப்பு நம் பக்கத்து நாலுகெட்டுதான், நாலு பக்கமும் கட்டு, நடுவில் முற்றம். நடு முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில். தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டிக்கெட் இல்லை, பெரியவர்களுக்கும் சின்னத் தொகைதான். ஏறுவதற்குப் படி உண்டு. மாமியார் ஒரே ஒரு தடவை ஏறினால் போதும், அதற்கான பலன் மேலேயே இருக்கிறது.

பல்லக்குகள், ராஜாக்களின் படங்கள், உடைவாள்கள் இவற்றில் நேரத்தைக் கரைக்காதீர்கள். பள்ளியறைக்குப் போய் நில்லுங்கள். சுவர் முழுக்க ராமாயணம்: தசரதன் யாகத்தில் தொடங்கி, இலங்கையிலிருந்து சீதை மீண்டு வருவது வரை. கேரளச் சுவரோவியத்தில் இடைவெளி என்பதே கிடையாது. ஒரு காட்சியின் ஓரத்தில் நிற்கிற குரங்கின் தோளுக்குப் பின்னால் அடுத்த காட்சி தொடங்கியிருக்கும், நடுவில் கோடு போட்டுப் பிரித்திருக்க மாட்டார்கள். காவி, மஞ்சள், பச்சை. ராமன் பச்சை உடம்போடு இருப்பான், அதை வைத்தே ஒவ்வொரு காட்சியிலும் அவனைத் தேடிப் பிடிக்கலாம். மகனிடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டால் கால் மணி நேரம் அவன் சத்தம் இருக்காது. கதை தெரிந்த மாமியார்தான் அங்கே உங்களுக்கு நல்ல வழிகாட்டி. தனியாகக் கைடு வேண்டாம். வெளிச்சம் மங்கல், படம் எடுக்க அனுமதியில்லை, அதனால் கண் பழக இரண்டு நிமிஷம் கொடுங்கள். கீழே பெண்கள் பகுதியில் கோவர்த்தனம் தூக்கும் கிருஷ்ணன் உண்டு. அங்கே வேறு சில சிருங்காரக் காட்சிகளும் உண்டு, பிள்ளைகளோடு போகிறீர்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். இறங்குகிற படி குறுகல். மாமியார் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் இருங்கள்.

அங்கிருந்து ஜெபாலயம் நடை தூரம். 1568-ல் கட்டியது, மணிக்கூண்டு 1760-ல் வந்தது. கூண்டின் ஒரு முகத்தில் ரோமன் எண்கள், இன்னொரு முகத்தில் எபிரேய எண்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி; மகள் கையில்லாத டாப்ஸோ மகன் அரைக்கால் சட்டையோ போட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். செருப்பு வெளியே. உள்ளே போனதும் எல்லோரும் மேலே தொங்குகிற பெல்ஜியம் சரவிளக்குகளைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து தரையைப் பாருங்கள். சீனாவின் கான்டனிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் வந்த வெள்ளை, நீல ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. தூரப் பார்வைக்கு ஒரே அச்சு. பக்கத்துப் பக்கத்து ஓடுகளை ஒப்பிட்டால் மரத்தின் கிளை ஒன்றில் சாய்ந்திருக்கும், இன்னொன்றில் நிமிர்ந்திருக்கும். ஐந்து மணிக்கு மூடுவார்கள், நாலரைக்குள் உள்ளே இருப்பது நல்லது.

யூதத் தெருவில் கடை ஏறுவது உங்கள் இஷ்டம். ஆனால் ஏலக்காயும் மிளகும் அங்கே வாங்காதீர்கள்; அது வெளிநாட்டுப் பயணிக்கான விலை. பழைய பித்தளை, மரச்சாமான் என்று வைத்திருப்பதில் பாதி போன வருஷம் செய்து பழசாக்கியது. சின்னச் சின்னக் குப்பியில் விற்கிற சந்தன எண்ணெயும் மல்லிகை எண்ணெயும் அந்த விலைக்கு அசலாக இருக்க வழியில்லை.

ஆட்டோ விஷயத்தில் உங்களுக்கு ஒரு பலம் உண்டு, மலையாளம். தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடங்கினால் “ஒரு மணிக்கூர் சுத்திக் காட்டறேன், நூறு ரூபா போதும்” என்பார்கள். குறைந்த விலையின் மர்மம், வழியில் இரண்டு எம்போரியத்தில் இறக்கிவிட்டுக் கமிஷன் வாங்குவது. ஏறும்போதே “கடையில் கேறண்ட” (கடைக்குள் போக வேண்டாம்) என்று சொல்லி, போகிற இடத்தையும் தொகையையும் பேசி முடித்துவிட்டால் தகராறே வராது. ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவில் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

சைவச் சாப்பாட்டுக்கு மட்டாஞ்சேரியில் குஜராத்தி ரோடு. தலைமுறைகளாகக் குடியிருக்கிற குஜராத்திகள், பக்கத்துச் செறளாயில் கொங்கணிகள், தமிழ் பிராமணர்கள் என்று அந்தப் பகுதியில் மாமியார் தயங்காமல் சாப்பிடுகிற கடைகள் உண்டு. ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைப் பக்கம் அந்த நிம்மதி இருக்காது.

சாயங்காலம் கதகளி. ஃபோர்ட் கொச்சி கதகளி மையத்தில் ஐந்து மணி வாக்கில் மேடையிலேயே வேஷம் கட்டத் தொடங்கி, ஆறு மணிக்கு ஆட்டம்; ஏழரைக்கு முடிந்துவிடும். முதலில் கண், புருவ அசைவுகளையும் முத்திரைகளையும் செய்து காட்டி விளக்கிவிடுவதால் பிள்ளைகளுக்கும் பிடிபடும். கோயில் திருவிழாவில் விடிய விடிய ஆடுகிற ஆட்டத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்லக் கூடாது, இது பயணிகளுக்காகச் சுருக்கியது. மாமியாருக்கு நாற்காலியில் ஒன்றரை மணி நேர ஓய்வு என்ற கணக்கும் இதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் எழுந்து கடற்கரையில் மீன் பிடிக்கிற சீனவலைப் பக்கம் போங்கள். சாயங்காலம் சூரியனுக்காகக் கூட்டம் கூடுமே தவிர, வலை வேலை செய்வதைப் பார்க்கக் காலைதான் நல்லது, அதிலும் வேலியேற்றம் இருக்கிற நேரம். நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தின் தத்துவம்தான். ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட கற்கள். நாலு, ஆறு பேர் கயிற்றை இழுத்ததும் கல் இறங்கும், வலை எழும்பும். கற்கள் ஒரே உயரத்தில் இல்லாமல் வேறு வேறு உயரத்தில் தொங்குவதைக் கவனியுங்கள். வலை எழும்ப எழும்ப ஒவ்வொரு கல்லாகத் தரையில் உட்கார்ந்துகொள்ளும், அதனால் எந்த நிலையிலும் எடை சமமாகவே நிற்கும். வலைக்காரர் உங்கள் மகனைக் கூப்பிட்டுக் கயிறு இழுக்கச் சொல்வார். இழுக்கட்டும், நல்ல படம் கிடைக்கும்; அதற்கு ஏதாவது எதிர்பார்ப்பார் என்று தெரிந்தே போங்கள். மீன் வாங்கிக் கொடுத்தால் பொரித்துத் தருகிற கடைகளில் மீன் விலையையும் பொரிக்கிற கூலியையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். கடலில் கால் நனைப்பதோடு சரி, குளிக்கிற கடற்கரை இல்லை அது.

பையன் “கோட்டை எங்கே?” என்று கேட்பான். போர்த்துகீசியர் 1503-ல் கட்டிய இம்மானுவேல் கோட்டையில் கண்ணுக்குத் தெரியும்படி மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. பாலக்காட்டில் ஹைதர் அலி 1766-ல் கட்டிய கோட்டையைப் பார்த்துப் பழகியவனுக்கு ஏமாற்றமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, பத்து மணிக்குள், பெரும்பாலான பயணத் திட்டங்களில் இல்லாத ஓரிடத்துக்குப் போங்கள்: ‘வெளி’ என்கிற மைதானத்துக்கு அருகே டோபிகானா. டச்சுக்காரர் காலத்தில் படைக்குத் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து கூட்டி வந்த வண்ணார்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். இப்போதிருக்கிற கட்டடம் 1976-ல் எழும்பியது. ஆளுக்கொரு தொட்டி, துவைகல். காயப்போடுகிற இடத்தில் கொடிக்கயிற்றைப் பாருங்கள். கிளிப்பே இருக்காது, இரண்டு புரி கயிற்றை முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள், எவ்வளவு காற்றடித்தாலும் விழாது. கஞ்சி போட்டு, சிரட்டைக் கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பதும் அங்கே நடக்கிறது. காட்சிக்கூடம் இல்லை அது, பிழைப்பு நடக்கிற இடம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், வேலைக்குக் குறுக்கே நிற்காதீர்கள். தமிழில் பேச்சுக் கொடுத்தால் மாமியாரை உட்காரவைத்துப் பேசுவார்கள்.

பிறகு ஆட்டோவில் சாந்தா குரூஸ் பேராலயம், அங்கிருந்து புனித பிரான்சிஸ் தேவாலயம். முதலாவதில் போர்த்துகீசியர் கட்டிய பழைய ஆலயத்தை 1795-ல் ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பது 1905-ல் அர்ச்சித்தது, அதாவது புனிதப்படுத்தித் திறந்தது. உள் ஓவியங்கள் இத்தாலியரான அந்தோனியோ மொஸ்கேனியுடையவை, அர்ச்சிப்புக்குச் சில நாள் முன்னால் அவர் இறந்துபோனார். இரண்டாவது சின்னது, எளிமையானது. வாஸ்கோ ட காமாவை 1524-ல் இங்கேதான் புதைத்தார்கள், பிறகு எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போனார்கள். கம்பி போட்டு வைத்திருக்கிற வெறும் இடத்தைத்தான் பார்ப்பீர்கள். மகளுக்குப் பாடத்தில் வருகிற பெயர்களுக்கு இங்கே சுவரே ஆதாரம்: வடக்குச் சுவரில் போர்த்துகீசியர் கல்லறைக் கற்கள், தெற்குச் சுவரில் டச்சுக்காரர்களுடையவை. தலைக்கு மேல் தொங்குகிற துணி விசிறிகளை வெளியே உட்கார்ந்து ஆட்கள் கயிற்றால் இழுத்தார்கள்.

பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பி, குளித்து, சாப்பிட்டு, ஒன்றரைக்கு வாட்டர் மெட்ரோ வரிசையில் நில்லுங்கள். ஒரு படகில் நூறு பேர் வரைதான். மாலையில் திரும்புகிறவர்களின் வரிசை நீளும், மதியத்தில் அந்தத் தொல்லை குறைவு. ஒரு எச்சரிக்கை: வெள்ளி சாயங்காலம் எறணாகுளத்திலிருந்து வடக்கே போகிற வண்டிகளில் வார விடுமுறைக்கு ஊர் திரும்புகிற மாணவர்களும் வேலைக்காரர்களும் படிவரை நிற்பார்கள். முன்பதிவில்லாத பெட்டியில் மாமியாரை ஏற்ற முடியாது. மூன்று, நாலு மணி வாக்கில் கிளம்புகிற வண்டியில் இருக்கை பாருங்கள். முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கும். திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, அது கிடைத்த பிறகு ஹோம்ஸ்டேக்குப் பணம் கட்டுங்கள்.